இளநீர் நிறம் வரும் வரை

வாசலில் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

துரு கலந்த பழுப்பு இல்லை. கல்யாண வீட்டில் ஆரத்தி சுற்றிக் கொட்டுவார்களே, அந்தச் சிவப்பு. காரின் மூக்குக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று கொட்டி, சாணி தெளித்த மண்ணில் பள்ளம் பார்த்து ஓடி, முக்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் பாதத்தை நனைத்தது. அவருடைய வெள்ளை வேட்டியின் கரையிலும் ஏறியது.

அவர் குனிந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, முகம் மலர்ந்து சொன்னார்:

"பரவால்லையே அம்மிணி! எடுத்த எடுப்புல தெளிவா வருதே. போன மாசந்தானே கழுவுனோம், அதான்."

நான் காருக்கு அடியில் கையை விட்டபடி அப்படியே இருந்தேன். அந்தப் பக்கம் கொழுந்தனார் பழனிச்சாமி தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பள்ளிபாளையம் போய், ஏழு மாதக் கர்ப்பிணியான எங்கள் மகள் சரசுவைக் கூட்டி வருவதாக இருந்தது. ஓட்டப் போகிறவர் அவர்தான்.

போன வாரம் எங்கள் கல்யாணத்தன்று மழை வந்த கதையை எழுதியிருந்தேன். மழையை விட்டு இந்த வாரமும் என்னால் வெளியே வர முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

துரை விட்டுப்போன வண்டி

நாங்கள் ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே இருந்தோம். கடலைக்காயும் பருத்தியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். அவர் விட்டுப்போன வண்டியை இவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெளுத்த வானம் மாதிரி ஒரு நீலம்.

முதல் நாள் ஊரே கூடியது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டாப் போதும். இதுக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டார்.

"தண்ணிங்க" என்றார் இவர். பெட்ரோலைச் சொல்லவில்லை. வேடிக்கைக்குச் சொன்னதுதான். அது எங்கள் வீட்டில் எவ்வளவு நிஜமாகப் போகிறதென்று அப்போது அவருக்கே தெரியாது.

வாங்கிய கோடையிலேயே வண்டி கொதிக்க ஆரம்பித்தது. வையப்பமலை தாண்டுவதற்குள் மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பும். ஓரமாக நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். வண்டிக்காரர்கள் மாட்டைத் தட்டிக்கொண்டே, "என்னங்க, சோறு ஆக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

சேலத்தில் சூசை என்று ஒருவர் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்தார். கழுத்தில் சிலுவைக் கயிறு, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. அவர் ரேடியேட்டரின் மேல் தகட்டைப் பிரித்து எங்களிடம் காட்டினார். எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் படிந்திருக்குமே வெள்ளையாக, கல்லாட்டம், அதே உப்பு. மெல்லிய குழாயெல்லாம் அடைத்துப் போயிருந்தது.

"உங்க கிணத்துத் தண்ணிதான் சார் இது. மனுஷன் குடிச்சா வயித்துக்குள்ள கல்லு, வண்டி குடிச்சா நெஞ்சுக்குள்ள கல்லு" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: "இதுக்காக என்கிட்ட ஓடி வராதீங்க. மாசம் ஒருக்கா வீட்டிலேயே கழுவிடுங்க. குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரிதான்."

அப்படித்தான் அந்த வேலை எங்கள் வீட்டுக்கு வந்தது.

வேட்டியில் பிடித்த மழை

கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று ஆகிவிட்டது. வேறு எங்கே போவது? மழைத் தண்ணீர்தான். வேட்டியின் நாலு மூலையையும் நாலு கம்பில் கட்டி, நடுவில் ஒரு சுத்தமான கூழாங்கல்லை வைத்தால், துணி தொட்டிலாட்டம் தொங்கும். மழை அதில் விழுந்து வடிந்து, கீழே வைத்த மொடாப் பானையில் இறங்கும். மழை விட்டதும் அந்தக் கல்லையும் மொடாவுக்குள்ளேயே போட்டு வைப்போம்.

ஐப்பசியில் மேகம் கருக்கும்போது எல்லா வீட்டிலும் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள். நான் வேட்டியைக் கட்ட ஓடுவேன். "கார்க்காரி ஊட்டுல மட்டும் மழைக்குத் துணி காயப் போடறா" என்று தெருவில் ஒரே சிரிப்பு. மழை ஏமாற்றிய வருஷத்தில் பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து குடங்களில் கொண்டுவருவோம். அதுவும் நல்ல தண்ணீர்தான். ஆனாலும் இவருக்கு மழைத் தண்ணீர் என்றால் உயிர். ஒரு சொட்டு வீணாகக் கூடாது.

"மூடு, மூடு! ஐப்பசித் தண்ணி அடுத்த ஐப்பசி வரைக்கும் வரோணும்" என்று கத்துவார்.

வேலை இதுதான். முதலில் ரேடியேட்டரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி எஞ்சினை ஓடவிட வேண்டும். பிறகு நன்றாக ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். சூட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சின் விரிசல் விட்டுவிடும். ஆறின பிறகு அடியில் இருக்கிற திருகைத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே விட்டு, மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தெளிவாக வரும்வரை. அதற்குள் ரப்பர் குழாய்களைப் பிதுக்கிப் பார்க்கலாம். முன்பக்கச் சல்லடையில் ஒட்டிய வெட்டுக்கிளியையும், தறி ஓடும் தெருக்களில் பறந்து வந்து அப்பிக்கொண்ட பஞ்சையும் ஈர்க்குச்சியால் எடுக்கலாம்.

திருகைத் திறப்பது என் வேலையானதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சந்தில் அவர் கை நுழையாது. என் கை நுழையும். அவ்வளவுதான்.

ஆனால் வளையல் இடித்தது. முதல் தடவை வளையலைக் கழற்றி பானெட்டின் மேல் வைத்துவிட்டுக் கையை விட்டேன். என் மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏண்டி, புருஷன் கல்லாட்டம் முன்னால உக்காந்திருக்கறான், நீ கையை மொட்டையாக்கிக்கிட்டு நிக்கற? இந்தத் தகரத்துக்காவவா?"

அதிலிருந்து வளையலைக் கழற்றுவதில்லை. முழங்கைக்கு மேல் ஏற்றி ஒரு துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். மாமியார் அப்போதும் விடவில்லை. இவர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "பெத்த புள்ளைக்கு ஒருநாளு வாயைத் தொறந்து பல்லைப் பாத்திருப்பானா இவன்?" என்பார்.

தண்ணீர் ஓட ஓட இவர் கேட்டுக்கொண்டே இருப்பார்: "தெளிஞ்சிருச்சா? தெளிஞ்சிருச்சா?" முன்பெல்லாம் அவரே குனிந்து பார்த்துச் சொல்வார். எப்போதிலிருந்து என்னைக் கேட்க ஆரம்பித்தார் என்று எனக்கு நினைவில்லை. எனக்கு வேலை பழகிவிட்டதா என்று சோதிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் அந்தச் சமயத்தில்தான். எங்கள் பக்கத்தில் பெண்கள் காரில் பின்னால்தான் உட்காருவது. ஒருநாள் இவர், "நீ முன்னால வந்து உக்காரு அம்மிணி" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார் திருச்செங்கோடு போய்ச் சேரும்வரை வாயே திறக்கவில்லை. எனக்கோ, காற்று முகத்தில் அடிக்க அடிக்க, பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் முன்னால்தான். மாடு குறுக்கே வந்தால் கத்துவேன். கிழவி வந்தால் கத்துவேன். "இவகூட வந்தா ஆரனே வேண்டாம்" என்று இவர் சிரிப்பார்.

சம்பந்தி வீட்டு மஞ்சள்

இப்போது சிவப்புத் தண்ணீருக்கு வருகிறேன்.

சரசுவைப் பள்ளிபாளையத்தில் கொடுத்திருந்தோம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைக்கும்போது கட்டுச்சோறு கொண்டுபோவது எங்கள் வழக்கம். அந்த நாளைப் பேசி முடிவு செய்து வர, சில நாள் முன்னால் பழனிச்சாமியைத்தான் இவர் அனுப்பினார். "எனக்குத் தல வலிக்குது, நீ ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வா" என்றார். அந்த வருஷம் அவருக்கு அடிக்கடி தலைவலி வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு வாசலில், "தெளிவா வருதே" என்று இவர் சொன்னதும், பழனிச்சாமி குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கண்ணால் கூப்பிட்டார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனேன். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவது.

"நங்கை, அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. என்னையக் கிண்டல் பண்றாரு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"திரும்பி வாரப்ப வழியில ரேடியேட்டர் ஒழுகுச்சுங்க. ஒரு லாரிக்காரரு, மஞ்சத்தூளப் போடு, ஓட்டைய அடைச்சிரும்னாரு. சம்பந்தியம்மா நம்மூட்டுக்குன்னு அரைச்சுக் குடுத்த மஞ்சப் பொட்டலம் இருந்துச்சு. ஒரு கை அள்ளிப் போட்டுட்டேனுங்க. ஒழுக்கு நின்னுபோச்சு. அண்ணன் திட்டுவாருன்னு சொல்லல."

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி. சலவைச் சோடா சேர்ந்தாலும் அதே சிவப்புத்தான். ரேடியேட்டருக்குள் தானாக ஆரத்தி கரைந்திருக்கிறது.

"அவரு திட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்க. இப்படித் தெளிவா வருதேன்னு குத்திக் காட்டறாரு பாருங்க" என்றார் பழனிச்சாமி. பாவம், அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் கிண்டல் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் கிண்டல் செய்தால் இடது பக்க மீசை லேசாகத் துடிக்கும். மீசை துடிக்கவில்லை. அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"நீங்க போய் வாழைக்குத் தண்ணி பாயுதான்னு பாத்துட்டு வாங்க" என்று பழனிச்சாமியை அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தேன். நல்லவேளை, மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார்.

"எம்புட்டுச் செவப்பு?"

அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

"ஏனுங்க."

"ம்."

"தண்ணி தெளிவா வரலீங்க."

"துருவா?" என்றார்.

"துருவில்லீங்க. செவப்பு."

"எம்புட்டுச் செவப்பு?"

"ஆரத்தி மாதிரிங்க. உங்க வேட்டியெல்லாம் ஆயிருக்குது."

கையை மெதுவாகக் கீழே கொண்டுபோய் வேட்டிக் கரையைத் தொட்டார். ஈரத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். எதையோ தேடுகிற மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை நாளாங்க இப்படி?"

"கடலைக்காய் புடுங்கறப்பவே ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல நெறம் போச்சு. பச்சை, செவப்பு எல்லாம் சாம்பலாட்டம். அப்புறம் நடுவுல ஒரு மூட்டம். அடுப்புப் பொகையில பாக்கற மாதிரி."

"அப்புறம் எப்படிங்க வண்டி ஓட்டுனீங்க?"

"ரோட்டோரப் புளியமரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சிருக்குதல்ல. அந்த வெள்ளை தெரியும். ரெண்டு வெள்ளைக்கும் நடுவுல போனா ரோடு." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "மத்ததுக்குத்தான் நீ கத்துவியே."

காற்று முகத்தில் அடிக்க நான் பெருமையாக உட்கார்ந்து வந்த வழியெல்லாம் என் கண்முன்னே ஓடியது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுக்குத்தான் என்னைய முன்னால உக்காரச் சொன்னீங்களா?"

"மொதல்ல அதுக்கில்ல" என்றார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "அப்புறம் அதுக்குந்தான்" என்றார்.

நேராகக் கேட்டால் அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மறைக்கத்தான் தெரியும்.

திறந்த திருகு வழியே இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மூட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"நாளைக்கு ஒருக்கா மட்டும் ஓட்டிக்கறேன் அம்மிணி. சரசுவைக் கூட்டியாந்து ஊட்டுல எறக்கி உட்டுட்டா, சாவிய நானே குடுத்தர்றேன். பொறந்தப்ப இந்தக் கையிலதான் வாங்குனேன். கல்யாணமாகிப் போறப்பவும் நாந்தான் ஓட்டிக்கிட்டுப் போய் உட்டேன். இதொண்ணு."

அந்தக் குரலை இப்போது எழுதும்போதும் கேட்கிறேன். கட்டி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. நான் முன்னால் உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போய் வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"ஒரு குழந்தை ஓடியாந்தா, நான் கத்தறதுக்குள்ள என்னங்க ஆகும்?" என்றேன். "சரசு வயித்துலயும் ஒண்ணு இருக்குதுங்க."

வேப்பமரத்தில் ஒரு காக்காய் கத்திவிட்டுப் பறந்தது. பிறகு அவர் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தார். என் கையில் தரவில்லை. காரைத் தடவிக்கொண்டே போய், பானெட்டின் மேல் வைத்தார்.

"பழனிகிட்ட நீயே குடுத்துரு. நான் குடுத்தா ஏன்னு கேப்பான்."

"என்னன்னு சொல்லட்டுங்க?"

"முதுகு வலின்னு சொல்லு."

மறுநாள் பழனிச்சாமி ஓட்டினார். நான் கட்டுச்சோற்றுக் கூடைகளோடு பின்னால் உட்கார்ந்தேன். முன் சீட்டு காலியாகவே இருந்தது. வண்டி திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்று, சத்தம் போகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சரசு வந்து இறங்கினாள். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி சுற்றிக் கொட்டினார். அதே சிவப்பு, அதே வாசல். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"கிட்ட வா சாமி" என்று இவர் கூப்பிட்டு, அவள் நெற்றி, கன்னம், மோவாய் என்று விரலால் தடவினார். ஒருநாளும் அப்படித் தொடாத அப்பா. சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூடைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் கெட்டிக்காரி, யாரும் சொல்லாமலேயே புரிந்துகொண்டாள்.

சேலத்தில் கண் டாக்டரிடம் போனோம். நரம்பு வாடிவிட்டது, மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது சூசையின் பட்டறையில் நிறுத்தச் சொன்னார். விஷயத்தைக் கேட்ட சூசை இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி கொதிக்குதா சார்?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார் இவர். "அது போதும் சார்" என்றார் சூசை.

கடுங்காப்பி, ராகிக்கூழ், பானகம்

ஆனால் கழுவுகிற வேலையை இவர் விடவில்லை. மாதம் பிறந்தால் முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி வாசலில் உட்கார்ந்துவிடுவார். மொடாத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு அவரே ஊற்றுவார். ரேடியேட்டர் வாயைக் கையால் தடவிப் பார்த்து, ஒரு சொட்டு சிந்தாமல். நான் வளையலை ஏற்றிக் கட்டிக்கொண்டு அடியில் திருகைப் பிடித்திருப்பேன்.

"என்ன நெறம்?" என்பார்.

பழுப்பு, மங்கல் என்று சொன்னால் அவருக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டுச் சாமானாகச் சொல்ல ஆரம்பித்தேன். "கடுங்காப்பிங்க." ஊற்றுவார். "ராகிக்கூழுங்க." ஊற்றுவார். "பானகங்க... பதனிங்க..." கடைசியில், "எளநிங்க" என்றால் போதும்.

"மூடு, மூடு!" என்று கத்துவார். ஐப்பசித் தண்ணீர் அடுத்த ஐப்பசி வரைக்கும் வரவேண்டுமே.

பேரன் பிறந்து, தவழ்ந்து, அந்தத் தண்ணீரில் தப்தப் என்று அடித்து விளையாடினான். "தாத்தாவுக்கும் காருக்கும் ஒரே சோறு" என்று பழனிச்சாமி கிண்டல் செய்வார். இவர் இடது பக்க மீசை துடிக்கும்.

சில வருஷம் அப்படி ஓடிற்று. ஒரு கோடையில் அவர் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். எழுந்து நடக்கத் தெம்பில்லை. ஒருநாள் காலையில், "மாசம் பொறந்திருச்சல்ல?" என்று கேட்டார். கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து வேப்பமரத்தடியில், காருக்குப் பக்கத்தில் போட்டோம். சொம்பைத் தூக்க அவரால் முடியவில்லை. பழனிச்சாமி ஊற்றினார். நான் வளையலை ஏற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படி ஏற்றிக் கட்டிக்கொண்டு அந்தத் திருகைத் திறந்தது அதுதான் கடைசி.

"கடுங்காப்பிங்க" என்றேன்.

"ம்."

"பானகங்க."

"ம்."

மொடாவில் அடித்தண்ணீர்தான் இருந்தது. மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடந்தது. நான் கையைத் திருகின் மேலேயே வைத்திருந்தேன், அவர் சொன்னதும் மூட.

"எளநிங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து, சத்தம் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பினார். மண்ணில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும் அம்மிணி. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

பழனிச்சாமி என்னைப் பார்த்தார். ஊற்றுங்கள் என்று தலையசைத்தேன். மொடாவைச் சாய்த்து, அடியில் கிடந்த கூழாங்கல் உருண்டு சத்தம் போடும்வரை, அந்த வருஷத்து மழையை முழுதும் ஊற்றினோம்.